ஒரு ஜாண் நூல்

அருளப்பனுக்கு வயது அறுபத்தொன்று. அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற எஸ்தருக்கு நாற்பத்திரண்டு. ஆனாலும் அவர் அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். "பேர் சொல்லிக் கூப்பிடுங்கண்ணே" என்று அவளும் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

என்ன பாடம் என்று கேட்டால் சிரிப்பு வரும். ஈ கட்டுகிற பாடம். நீலகிரியில் எமரால்டுக்கு மேலே இருக்கிற ஓடைகளில் ட்ரவுட் மீன் உண்டு. தண்ணீர்மேல் வந்து உட்காருகிற பூச்சி என்றால் அதற்கு உயிர். அதனால் தூண்டில் முள்ளின்மேல் சேவல் இறகு, முயல் ரோமம், பட்டு நூல் எல்லாம் சுற்றிப் பூச்சி மாதிரியே ஒரு பொய் ஈ செய்வார்கள். மீனும் நம்பி வாயைத் திறக்கும். அந்தப் பக்கம் தூண்டில் போட வருகிறவர்கள் எஸ்தர் கட்டின ஈயைத்தான் தேடி வாங்குவார்கள்.

அவர் சேர்ந்த முதல் நாளே எஸ்தர் ஒன்றைக் கவனித்தாள். மனுஷனுக்கு முள்ளில் நூலை நிறுத்தத் தெரியவில்லை. இறகைச் சுற்றச் சொன்னால் கோழி சண்டை போட்ட இடம் மாதிரி ஆக்கி வைத்தார். ஆனால் எல்லாம் முடிந்தபிறகு ஈயின் தலையில் ஒரு முடிச்சு போடவேண்டும். இரண்டு விரலில் நூலை வளைத்து, அதற்குள்ளேயே அதைச் சுற்றி இழுக்கிற முடிச்சு. பழகினவர்களே தடுமாறுவார்கள். அதை மட்டும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போட்டார்.

"ஆரம்பம் தெரியாம முடிவு மட்டும் எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?"

"எங்கண்ணன்கிட்ட."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

நாலு மாசம் போயிற்று. ஒருநாள் காலையில் அருளப்பன் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"எங்கண்ணன் என்மேல கோபத்தோடவே போய்ச் சேந்துட்டாரா?"

எஸ்தர் கையில் இருந்த இறகைக் கீழே வைத்தாள்.

அன்றைக்குத்தான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் பேர் சவரிமுத்து. டீ ஃபேக்டரியில் இலை அரைக்கிற மெஷினில் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. இருந்த விரலை வைத்துக்கொண்டே ஈ கட்டுவார். பார்த்தால் இப்போது பறந்துவிடுமோ என்று இருக்கும். ஆனால் முடிச்சுக்கு அந்த இரண்டு விரலும் வேண்டுமே. அதனால் வாலிப வயதிலிருந்தே கட்டுவது அண்ணன், முடிச்சு தம்பி. முப்பது வருஷம் அப்படியே ஓடியது.

"அப்புறம் ஒரு மீனு மாட்டுச்சுங்க டீச்சர். முழங்கை நீளம் இருக்கும். கரைக்கு இழுத்துக்கிட்டு வர்ற நேரத்துல ஈ அவுந்து போச்சு. மீனும் போச்சு."

"அதுக்கா சண்டை?"

"அதுக்குத்தான். உன் முடிச்சு லூசுன்னு அவர் சொன்னார். நீ சுத்துனதுதான் லூசுன்னு நான் சொன்னேன். சொல்லிட்டு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என் முடிச்சு இல்லன்னா உன் ஈ மீன் வாயையே பாக்காது, விரலில்லாதவனுக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்டுட்டேன்."

எஸ்தர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"கேட்டதும் அவர் தூண்டிலைச் சுருட்டிக்கிட்டு நடந்தார். நானும் கூப்பிடல. ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவுல ஒருதடவை, ஏழு வருஷத்துக்கு முன்னாடி, யார்கிட்டயோ இந்தத் தீப்பெட்டியைக் கொடுத்து அனுப்பினார். தொறந்து பாத்தேன். உள்ள ஒரு ஈ. முடிச்சு இல்ல."

"என்ன நெனச்சீங்க?"

"பாரு, உன் முடிச்சு இல்லாமலே கட்டுறேன்னு குத்திக்காட்டுறார்னு நெனச்சேன். மூடி பீரோவுல போட்டேன். போன வருஷம் ஐப்பசியில அவர் செத்துட்டார். அடக்கத்துக்குப் போனேன், எல்லாரோடயும் சேந்து நானும் மண்ணு போட்டேன். என்னைப் பத்தி அவர் நல்லதும் சொல்லல, கெட்டதும் சொல்லலன்னு அண்ணி சொன்னாங்க. அதுதான் என்னைத் தின்னுது. திட்டியிருந்தாலாவது நிம்மதியாப் போயிருக்கும்."

"அதுக்காகத்தான் ஈ கட்டக் கத்துக்க வந்தீங்களா?"

"அவர் பாத்த பாதி வேலையாவது என்னன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

எஸ்தர் தீப்பெட்டியைத் திறந்தாள். சாம்பல் நிற இறகில் கட்டின சின்ன ஈ. ஏழு வருஷத்தில் ஒரு ரோமம்கூடக் கலையவில்லை. ஈயை வெளியே எடுத்தபோது ஒரு தீக்குச்சியும் கூடவே வந்தது.

"இது என்னண்ணே?"

அருளப்பன் குனிந்து பார்த்தார். "குச்சி."

"அன்னைக்குப் பாக்கலியா?"

"கெடந்த குப்பைன்னு நெனச்சேன். வெளிய எடுத்தே பாக்கலீங்க."

ஈயின் தலையிலிருந்து நீண்ட மிச்ச நூல் முழுவதும் அந்தக் குச்சியில் சுற்றியிருந்தது. நூலில் மெழுகு தடவியிருந்தது. குச்சி பெட்டியின் இரண்டு சுவரிலும் முட்டி நிற்கிற அளவுக்கு ஒடித்து வைக்கப்பட்டிருந்தது. நூல் அதில் இறுகியிருந்ததால்தான் முடிச்சில்லாத ஈ இத்தனை வருஷமும் அவிழாமல் இருந்திருக்கிறது.

எஸ்தர் ஈயை மேஜையிலிருந்த, முள்ளைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் பொருத்தினாள். குச்சியிலிருந்து நூலைப் பிரித்து மேஜைமேல் நீட்டி விட்டாள்.

"முடிச்சு வேண்டாம்னு நெனைக்கிறவர் நூலை எங்க வெட்டுவார்?"

"தலையை ஒட்டி வெட்டுவார்."

"இதுல எவ்வளவு இருக்கு?"

அவர் விரலை விரித்து வைத்துப் பார்த்தார். "ஒரு ஜாண்."

"நான் முடிச்சு போட எவ்வளவு நூல் எடுப்பேன்?"

"அதுல பாதி."

"நீங்க?"

அருளப்பன் விரித்த விரலை எடுக்காமல் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு ஜாண் வேணும் டீச்சர். என் கை அப்படி. நூலைச் சாப்புடுறியாடா தம்பின்னு அண்ணன் திட்டிக்கிட்டே இருப்பார். திட்டிக்கிட்டே அளந்து விடுவார்."

எஸ்தர் நாற்காலியிலிருந்து எழுந்து அவருக்கு இடம் விட்டாள்.

அவர் உட்கார்ந்தார். பாவி நான், வெளியில் எடுத்து ஒருதடவை பார்த்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேனே என்று நினைத்துக்கொண்டார். இரண்டு தெரு தள்ளித்தான் அண்ணன் வீடு. சாகிற வரைக்கும் அந்த மனுஷன் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாரே. கண்ணைத் துடைத்துக்கொண்டு நூலை எடுத்தார். இரண்டு விரலில் வளைத்தார். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. கை தானாகவே வேலை செய்தது. நாலாவது சுற்றையும் போட்டுவிட்டு இழுத்தார்.

நூல் அறுந்தது.

பழைய பட்டு நூல், உள்ளுக்குள்ளேயே இற்றுப்போயிருந்தது. இறுக்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் தலைப்பக்கத்துச் சுற்று ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. சாம்பல் இறகு மெதுவாக விரிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அருளப்பன் சட்டென்று அதை நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மீதி அவிழாமல் நின்றது.

பிடித்த கையை எடுக்காமலே அவர் கேட்டார்.

"டீச்சர், வேற நூல் போட்டு இதை முடிச்சிரலாமா?"

"முடிக்கலாம்."

"வித்தியாசம் தெரியுமா?"

எஸ்தர் தன் நூற்கண்டிலிருந்து ஒரு ஜாண் அளந்து வெட்டி, அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மீனுக்குத் தெரியாதுண்ணே."