நாலாம் குழியில் கிடைத்த நீலப் பாசி

நாச்சிமுத்துவுக்கு ஐம்பது வயது. கோவையில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். அவருடைய குரு வெண்ணிலாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அதனாலென்ன? ஆற்றங்கரை மேட்டில் அகழாய்வு நடத்துகிறவள் அவள்தான். மண்ணைக் கொத்தாதீர்கள், தூரிகையால் தடவுங்கள் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அவளைக் "குருவே" என்றுதான் கூப்பிடுவார், கேலியில்லை.

பள்ளி விடுமுறையில் பத்து நாள் அவரும், மனைவி சாந்தாமணியும், பன்னிரண்டு வயது மகள் மேகலாவும் அங்கே சம்பளமில்லாமல் மண் சுமந்தார்கள். சாந்தாமணிக்கு இரண்டாம் நாளே ஒரு பானை வாய் கிடைத்தது. பக்கத்துக் குழிகளில் ஓடு, எலும்பு, சங்கு வளையல் என்று வந்துகொண்டே இருந்தது. நாச்சிமுத்துவின் நாலாம் குழியில் மண். அதற்கும் கீழே தோண்டினால் இன்னும் கொஞ்சம் மண்.

"இரும்பு கடைஞ்ச கைக்கு மண்ணு மசியல போலிருக்குது" என்று சாந்தாமணி சீண்டினாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி நாள் மத்தியானம் ஒரு நீலப் பாசிமணி தட்டுப்பட்டது. மனுசன் குழிக்குள்ளேயே ஆடிவிட்டார்! வெண்ணிலா ஆழத்தை அளந்தாள், ஏட்டில் எழுதினாள், பாசியை உறைக்குள் போட்டு வைத்தாள்.

மறுநாள் காலை கிளம்பி வீடு வந்ததும், வண்டியிலிருந்து பையைக்கூட இறக்காமல் எதிர்வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாயிரம் வருசமுங்க! என்ற கையில!"

பட்டறை ஆட்களுக்குப் போன் போட்டார். தம்பிக்குப் போட்டார். அடுத்து, தெரிந்த பத்திரிகைக்காரர் ஒருவரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

மேகலா ஓடிவந்து போனைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்கப்பா. அது என்ற பாசி."

"என்ன அம்மிணி சொல்ற?"

"நான்தான் வச்சேன். நீங்க சோத்துல கை வைக்காம வெறுங்குழியையே பார்த்துட்டு இருந்தீங்க. எனக்கு அழுகையா வந்துச்சு."

கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டில் கட்டியிருந்த பாசிச் சரம் அறுத்து முடியப்பட்டிருந்தது.

அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"வண்டியில ஏறு" என்றார்.

"சின்னப் புள்ளைங்க, விடுங்க" என்று சாந்தாமணி குறுக்கே வந்தாள்.

"குருவோட ஏட்டுல பொய் ஏறிக் கிடக்குது. எப்படி விடறது?"

இரண்டு மணி நேர வழி. பின்சீட்டில் மகள் தேம்புவது அவருக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயே என்று அவர் மனசே அவரைக் காறித் துப்பியது.

வெண்ணிலா கொட்டகையில் உட்கார்ந்து ஓடுகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையிலதானே கிளம்பினீங்கண்ணா?"

"குருவே, அந்த வரியை அடிச்சுருங்க. பாசி என்ற பொண்ணு வச்சது."

மேகலா அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள், பக்கத்தில் வரவில்லை.

வெண்ணிலா ஏட்டைப் புரட்டி அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"படிங்க."

அவர் எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி மெதுவாகப் படித்தார். "நாலாம் குழி. ஆழம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். நீலப் பாசி ஒன்று. இக்காலத்தது. மகள் வைத்தாள். அப்பா கண்டெடுத்தார்."

நிமிர்ந்தார்.

"அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"துளைக்குள்ள நைலான் நூல் இருந்துச்சுங்கண்ணா. இவ கைச் சரத்துலயும் அதே நீலப் பாசிதான்."

"ஏனுங்க சொல்லல?"

"நீங்க ஆடிட்டிருந்தீங்க. இவ மேட்டுல நின்னு உங்க மூஞ்சியையே பார்த்துட்டிருந்தா. நான் என்னத்தைச் சொல்ல?"

நாச்சிமுத்து பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அப்ப பத்து நாள் தோண்டியும் எனக்கு ஒண்ணுமே கிடைக்கல. அப்படித்தானுங்களே?"

வெண்ணிலா உறையைப் பிரித்தாள். பாசியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஏனுங்கண்ணா, ரெண்டாயிரம் வருசம் பழசா இருந்தாத்தான் வாங்கிக்குவீங்களா?"