பலவேசம் போட்ட இரண்டாவது செல்

பியூலாவுக்கு வயது முப்பத்தெட்டு. அவளிடம் தொழில் படிக்க வந்த பலவேசத்துக்கு அறுபது ஆகப்போகிறது. கடைக்கு வருகிற ஆட்கள் எல்லாரும் நேரே அவர் முன்னால் போய் நின்று, "மெக்கானிக் சார், வணக்கம்" என்பார்கள். அவர் கையிலிருக்கும் பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டுவார்.

"நான் தூசி தட்டுத ஆளுங்க. ஆசான் அந்தா இருக்காங்க."

ஆசான் என்ற பெயர் கேலியாகத்தான் தொடங்கியது. கொஞ்ச நாளிலேயே கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கடை பாளையங்கோட்டையில், ஒரு தையல் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. அங்கே வருவதெல்லாம் ஒரே வகைச் சாமான். கைப்பெட்டி மாதிரி பிடியும் மூடியும் வைத்த பழைய ரேடியோ. மூடியைத் திறந்தால் பாடும், மூடினால் நின்றுவிடும். பேட்டரியில் ஓடுகிற பெட்டிதான், ஆனால் டிரான்சிஸ்டர் கிடையாது. உள்ளே கட்டைவிரல் பருமனில் நாலு கண்ணாடி வால்வு. இதைச் சேர்த்து வைக்கிற பைத்தியங்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் பார்சல் வந்து குவியும். பியூலாவுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.

பெட்டி ஒன்றுக்கு இரண்டு பேட்டரி வேண்டும். வால்வைச் சூடாக்க ஒற்றை டார்ச் செல் போதும். மற்றது தொண்ணூறு வோல்ட். அப்படி ஒரு பேட்டரி இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. ஒன்பது வோல்ட் பேட்டரி பத்தை ஒன்றோடொன்று கோத்து அவளே கட்டிக்கொள்வாள்.

பலவேசம் முப்பது வருஷம் டிவி மெக்கானிக்காக இருந்தவர். கை சுத்தம், புத்தி கூர்மை. ஆனாலும் பியூலா முதலில் அவரைப் பெட்டி துடைக்க விட்டாள், அப்புறம் பழைய கண்டென்சர்களை மாற்ற விட்டாள். வால்வை மட்டும் தொட விடவில்லை.

"மீட்டர் முள்ளு இதோட கால்ல படப்படாது அண்ணாச்சி. உள்ள ஓடுத கம்பி தலைமுடியவிட மெல்லிசு. மீட்டர்ல இருந்து வார கரண்டையே தாங்காது."

"அப்போ நல்லா இருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்க?"

"போட்டுப் பாக்கணும்."

அவ்வளவுதான் பதில். அவள் பேச்சே அப்படித்தான். ஒரு வேலையை அவர் சரியாகச் செய்தால், அடுத்த பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைப்பாள். தப்பாகச் செய்தால், அதே பெட்டியைத் திரும்ப வைப்பாள். நல்லா இருக்கு என்றும் சொல்ல மாட்டாள், நாசமாப் போச்சு என்றும் சொல்ல மாட்டாள். எட்டு மாசம் இப்படியே ஓடியது.

மனுஷனுக்கு இது பெரிய உறுத்தலாக இருந்தது. காரணம் அவருடைய அக்கா மகன் இசக்கிராஜ். மதுரையில் டிவி, ஃபிரிட்ஜ் ஷோரூம் வைத்திருந்தான். வாரம் ஒருமுறை போன் பண்ணுவான்.

"மாமா, ஒங்க கை மாதிரி யாருக்கு மாமா வரும்? ஏசி ரூம் போட்டுத் தாரேன். சர்வீஸ் மேனேஜர்னு கதவுல பேர் எழுதித் தாரேன். அங்க போயி ஒரு பொம்பளப்பிள்ளகிட்ட பெட்டி தொடச்சிட்டு இருக்கியளே!"

பலவேசத்துக்கு மதுரைக்குப் போக ஆசையே இல்லை. இந்த மாடியும் இந்தப் பெட்டிகளும் அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தன. ஆனால் தனக்கு இந்த வேலை வருகிறதா, வரவில்லையா? வரவில்லை என்றால் சும்மா ஒரு முக்காலியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்கே வெட்கம். ஆசான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடலாம். இல்லாவிட்டால் மதுரை. சனிக்கிழமை சாயங்காலம் பதில் சொல்வதாக இசக்கிராஜிடம் ஒப்புக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் பியூலா ஒரு பெட்டியை அவர் முன்னால் வைத்தாள்.

"மேலப்பாளையம் மைதீன் பிச்சை பாயோடது. சாயங்காலம் வருவாரு. தூண்டில் போடப் போகையில ஆத்தங்கரைக்கு எடுத்துட்டுப் போகணுமாம். இத நீங்களே பாருங்க."

"வால்வுமா?"

"எல்லாமுந்தாம்."

பலவேசத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. துடைத்தார், தட்டினார், இரண்டு பேட்டரியையும் மாட்டினார், மூடியைத் திறந்தார். ஸ்டேஷன் எதுவும் வரவில்லை. லேசாக ஒரு இரைச்சல் மட்டும் கேட்டது. கண்டென்சரை மாற்றிப் பார்த்தார். அப்போதும் அதேதான்.

அவருக்கு முதல் வால்வு மேல் சந்தேகம் விழுந்தது. மெதுவாக உருவி வெளியே எடுத்தார். மீட்டர் வைக்கக் கூடாது என்பது ஞாபகம் இருந்தது, வைக்கவில்லை. டார்ச் செல்லிலிருந்து இரண்டு ஒயரை எடுத்து அதன் காலில் வைத்துப் பார்த்தார். உள்ளே வெளிச்சமே இல்லை.

இந்த வால்வில் வெளிச்சம் தெரியாது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். பியூலா சொல்லியிருக்கிறாள். ஆனால் முப்பது வருஷப் பழக்கம் லேசில் விடுமா? டிவியைத் திறந்தால் முதல் வேலையாகப் பிக்சர் டியூபின் கழுத்தைத்தான் பார்ப்பார். அங்கே சிவப்பாகத் தெரிந்தால் உயிர் இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை. எத்தனை ஆயிரம் கழுத்து பார்த்த கண்!

கையைக் குவித்து மறைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கடைசியில், லேசாகத் தெரிந்தால் போதுமே என்று இரண்டாவது செல்லையும் சேர்த்து வைத்தார்.

பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு கம்பி ஒளிர்ந்தது.

"அட, இருக்கே!" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அணைந்துவிட்டது.

ஒற்றைச் செல்லுக்கென்று இருந்த கம்பி, இரண்டு செல்லில் எரிந்து அறுந்துபோயிருந்தது. வால்வை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அது ஸ்பேர் இல்லாத வால்வு. போன வாரம்தான் பியூலா ஆர்டர் போட்டிருந்தாள், வர நாளாகும். சாயங்காலம் பாய் வந்து நிற்பார். எட்டு மாசம் கழித்து முதல் தடவையாகக் கையில் கொடுத்ததை மத்தியானத்துக்குள் முடித்தாயிற்று. மதுரைக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தார்.

பியூலா எழுந்து வந்தாள்.

"எத்தன செல் வச்சிய?"

"ரெண்டு."

"ஏன்?"

"ஒண்ணுல வெளிச்சம் தெரியல ஆசானே."

"ரெண்டுல தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது."

"நல்லா இருந்துச்சா?"

கேலி செய்கிறாளோ என்று அவர் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார், பாவம்.

"கழட்டுறதுக்கு முன்னால சத்தம் ஏதும் வந்துதா?"

"லேசா. மழை தூறுத மாதிரி ஒரு இரைச்சல். வேற ஒண்ணும் இல்ல."

"ம்" என்றாள்.

அலமாரியில் அவளுடைய சொந்த ரேடியோ இருந்தது. பச்சை ரெக்சின் ஒட்டியது. காலையில் கடையைத் திறந்ததும் அவள் திறப்பது அதன் மூடியைத்தான், இரவு கடைசியாக மூடுவதும் அதைத்தான். யாராவது விலை கேட்டால் காதில் விழாத மாதிரி இருப்பாள். இப்போதும் அது பாடிக்கொண்டிருந்தது. பியூலா பாட்டின் நடுவிலேயே மூடியை மூடினாள். பின்பக்கத்தைத் திறந்து ஒரு வால்வை உருவினாள். கொண்டுவந்து பலவேசத்தின் கையில் வைத்தாள்.

"இதப் போடுங்க."

"ஆசானே, இது ஒங்க பெட்டியோடதுல்லா!"

"வால்வுக்குத் தெரியுமா யாரு பெட்டின்னு?" பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "பாப்பா ஸ்கூல்ல மீட்டிங். போயிட்டு வந்திருதேன்."

"நீங்களே போட்டுட்டுப் போங்களேன். ஒரு நிமிஷ வேலதான?"

"ஏன், ஒங்க கைக்கு என்ன வந்துச்சு?"

படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. தெருவில் ஸ்கூட்டர் கிளம்பியது.

கடையில் அவரும் அந்த வால்வும் மட்டும். ஒரு செல்லை மட்டும் வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கை தானாக ஒயர் பக்கம் போனது.

"சும்மா கிட கழுதை" என்று கையைத் திட்டினார். வால்வை நேராகப் பெட்டியில் செருகினார். மூடியைத் திறந்தார்.

பழையபடி அதே தூறல் சத்தம். காலையில் எந்தச் சத்தமோ அதே சத்தம்.

பலவேசம் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாலு வால்வும் முழித்திருந்தால்தானே இந்த இரைச்சலாவது வரும்? அப்படியானால் காலையிலும் நாலும் முழித்துத்தான் இருந்திருக்கின்றன. உசிரோடு இருந்ததை அல்லவா எடுத்துச் சுட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அடித்த கையின் முழங்கை மூடியில் இடித்தது. மூடி அசைந்தது. ஒரு பெண்குரல் பாதி வார்த்தை பேசிவிட்டு மறைந்தது.

இனி சொல்ல வேண்டுமா? ஸ்டேஷனைப் பிடிக்கிற ஏரியல் கம்பி இந்தப் பெட்டிகளில் மூடிக்குள்தான் சுற்றியிருக்கும். கீல் வழியாகத்தான் உள்ளே வரும். வருஷக்கணக்காகத் திறந்து மூடி, கீல் பக்கத்தில் அந்த ஒயர் உள்ளுக்குள் ஒடிந்திருந்தது. மேலுறை மட்டும் முழுசாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. பலவேசம் ரெக்சினை நகத்தால் மெல்லப் பிரித்தார். வளைந்து கொடுக்கிற ஒயராகப் பார்த்து வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். ரெக்சினைப் பழையபடி ஒட்டி, பிரித்த இடம் தெரியாமல் தடவிவிட்டார். மூடியைத் திறந்தார்.

பாடியது. அப்படிப் பாடியது! கீழே தையல் மிஷின் ஓட்டுகிறவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

சொன்ன நேரத்துக்கு மைதீன் பிச்சை பாய் வந்தார். பெட்டி பாடுவதைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்ததற்கும் உட்கார்ந்தார்.

"பாய், ஆத்துக்குப் போகலையா?"

"அட, ஆமால்ல!" என்று எழுந்தார். "மீனு எங்க ஓடியாப் போகப்போவுது?"

மூடியை மூடாமலே தூக்கிக்கொண்டு இறங்கினார். படி முழுக்கப் பாட்டு அவரோடு இறங்கிப் போனது.

பியூலா திரும்பி வந்தபோது பலவேசம் வாய் பேசாத பச்சை ரேடியோவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பையை ஆணியில் மாட்டினாள்.

போன் அடித்தது. இசக்கிராஜ்.

"மாமா, என்ன முடிவு பண்ணியிருக்கிய? பெயிண்டர் நிக்கான். கதவுல பேர் எழுதச் சொல்லட்டா?"

"ஒரு நிமிஷம் லைன்ல இருடே."

பலவேசம் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"ஆசானே, ஒண்ணு கேக்கேன். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க."

"எனக்கு இந்த வேலை வருதா, வரலையா? எட்டு மாசம் ஆச்சு, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. இன்னைக்கு இவ்வளவு பெரிய தப்புப் பண்ணினேன், அதுக்கும் ஒரு வார்த்த கிடையாது. திட்டியாவது இருக்கலாம்லா? ஒங்க மனசுல என்ன இருக்குன்னு நான் எத வச்சுப் பாக்க?" ஒரு அடி முன்னால் வந்தார். "ஒரே ஒரு வார்த்த சொல்லிருங்க. எனக்குக் கண்ணுக்குத் தெரியுத மாதிரி ஏதாவது."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பியூலா மூலையிலிருந்து ஒரு பார்சலைத் தூக்கி வந்தாள். கொச்சியிலிருந்து வந்தது. கயிற்றை அறுத்தாள். பெட்டியை எடுத்து அவருடைய மேசையில், அவருடைய முக்காலிக்கு நேராக வைத்தாள்.

மைதீன் பிச்சை பாய் ஆற்றுக்குப் போகவே இல்லை. கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பாட்டு தெளிவாக மேலே வந்துகொண்டிருந்தது.

பியூலா ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"பாட்டு கேக்குதுல்லா? வெளிச்சமும் தெரிய இன்னொரு செல் போடட்டா அண்ணாச்சி?"

பலவேசத்தின் கைக்குள் போன், மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.