வளைத்தெருவில் வைத்த தூங்குமூஞ்சி மரம்

வைக்கக் கூடாத இடத்தில் தூங்குமூஞ்சி மரத்தை வைத்தது கரடி மூக்கையன். தப்பு முழுக்க அதனுடையதுதான்.

காட்டோரத்தில் ஒரு மேடு. முயல், கீரி, உடும்பு எல்லாம் அதில் வரிசையாக வளை தோண்டிக் குடியிருந்தன. வளைத்தெரு என்று பெயர். கோடையில் வெயில் பொசுக்கும். நிழலுக்கு மரம் வைக்க வேண்டும் என்று நாட்டாமை மூக்கையன் கூட்டம் போட்டது.

"கிளை அகலமா இருக்கணும்!" என்றது குரங்கு.

"சீக்கிரம் வளரணும்!" என்றது மயில்.

"அப்போ தூங்குமூஞ்சிதான்!" என்றது மூக்கையன்.

ஓரமாக உட்கார்ந்திருந்த பெருச்சாளி ஒச்சம்மா வாயைத் திறந்தது. "நாட்டாமை, அது வெட்டவெளிக்கு ஆகும், தெருவுக்கு ஆகாது. வேர் மேலாகவே ஓடும். வளைக்குள்ள வந்துரும்."

"அடி போடி! மண்ணுக்குள்ள கிடக்கிறவளுக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? நிழல் மேல விழுமா, கீழ விழுமா?"

எல்லாம் சிரித்தன. மூக்கையன்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தது.

மரம் வளர்ந்தது. ஐந்தாம் கோடையில் தெரு முழுக்க நிழல். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நான் வச்சது!" என்று பீற்றிக்கொண்டது மூக்கையன். அங்கங்கே தரை புடைத்தது. அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஐப்பசி மழை. ஒரு காலையில் முயல் வெள்ளையம்மா அலறிக்கொண்டு வந்தது.

"நாட்டாமை! வேர் வளையைப் பிளந்துருச்சு! கூரை இறங்கிருச்சு! உள்ளே என் குட்டிங்க மூணும் மாட்டிக்கிச்சு!"

மூக்கையன் ஓடியது. நகத்தால் வாரி வாரித் தோண்டியது. ஒரு கை மண்ணை எடுத்தால் இரண்டு கை மண் சரிந்தது.

"ஐயோ, நிறுத்துங்க! இன்னும் மூடுது!" என்று கத்தியது வெள்ளையம்மா.

மூக்கையன் கையை எடுத்தது. யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதற்குத் தெரியும். ஆனால் கால் நகரவில்லை. எந்த முகத்தோடு போவது? உள்ளே கேட்ட கீச்சுக்குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

கடைசியில் மூக்கையன் கிளம்பிப் போயிற்று. ஒச்சம்மாவின் வாசலில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

"அன்னைக்கு நான் உன்னை..."

"அதெல்லாம் அப்புறம். எந்த வளை?"

ஒச்சம்மா பக்கத்து வளையில் இறங்கியது. வேருக்கு அடியில் குறுக்கே வழி தோண்டியது. ஒரு குட்டி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வர நேரமாயிற்று. வந்தது, மூக்கெல்லாம் சேறு. தும்மியது!

வெள்ளையம்மா ஒச்சம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதது. மூக்கையன் பக்கம் யாரும் திரும்பவில்லை. நாலு பேர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கரடிக்கு உடம்பெல்லாம் மயிர்; இருந்தும் அம்மணமாக நிற்பதுபோல் கூசியது.

"இனி என்ன செய்யணும், ஒச்சம்மா?" அதன் குரல் அதற்கே கேட்கவில்லை.

"எல்லாரையும் வெளியே வரச் சொல்லுங்க. யானையைக் கூப்பிட்டு மரத்தைச் சாய்ச்சுருவோம்."

"நான் வச்சதை..."

"அதான், நீங்களே போய்க் கூப்பிடுங்க."

மூக்கையன் போய்க் கூப்பிட்டது. மரம் சாய்ந்தது. இடிந்த வளைகளைத் தோண்டிக் கொடுக்க ஒரு மாதம் மண் சுமந்தது. புது மரம் எது, எங்கே என்று அது வாயே திறக்கவில்லை.

கிளை எங்கே போகும் என்று பார்ப்பதற்கு முன்னால் வேர் யார் வீட்டுக்குள் போகும் என்று பார்த்து மரம் வை. வளைத்தெருவில் வீடு வீடாக இறங்கி, கீழே வளை இல்லாத இடமாகப் பார்த்துப் புங்கங்கன்று வைத்தது பெருச்சாளி ஒச்சம்மா.