ஆணியில் தொங்கிய மாலை

"எம் பையன் சாப்பிடமாட்டேங்கறானுங்க, சாமி."

தெய்வசிகாமணிப் புலவர் உட்காரக்கூட இல்லை. வந்த வேகத்தில் நின்றபடியே சொன்னார்.

குரு சுரைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். புலவரைவிட வயதில் சின்னவர். ஒரு காலத்தில் மல்லர். ஊர்க் கோதாவில் அத்தனை பேர் பார்க்க மண்ணைக் கவ்வியவர். பிறகு எங்கேயோ போனார், காவியோடு திரும்பி வந்தார், ஆற்றங்கரையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டார். ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன புலவர் இவரிடம் மட்டும்தான் பாடம் கேட்டார்.

"எப்ப இருந்து?"

"பங்குனித் தேருக்குத் தோத்தானே, அப்ப இருந்துங்க."

நல்லப்பன் தோற்றது ஊருக்கே தெரியும். தோல்வியைவிடப் பெரிய தண்டனை அந்த ஊர் வழக்கம். ஜெயித்தவனின் மாலையைக் கோதாச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். வாடினாலும் சருகானாலும் அது அங்கேதான் தொங்கும். என்றைக்குத் தோற்கிறானோ அன்றைக்கு அவனே போய், கூட்டத்துக்கு முன்னால், தன் கையால் அதை இறக்க வேண்டும்.

நல்லப்பன் இறக்கினான். தொட்டதும் பூவெல்லாம் பொடிப்பொடியாய் உதிர்ந்து, வெறும் நார் கையில் மிஞ்சியது. யாரோ சிரித்தார்கள்.

யாரும் இறக்காத மாலை ஒன்றும் அந்தச் சுவரில் உண்டு. அது செங்கோடனுடையது. பட்டம் வாங்கிய சூட்டிலேயே செத்துப்போனவன். செத்தவன் தோற்பதில்லை, ஆகவே மாலையும் இறங்குவதில்லை. அவன்மேல் புலவர் கட்டிய பாட்டைப் பாடாமல் அந்த ஊரில் மல்யுத்தம் தொடங்குவதும் இல்லை.

புலவருக்கு ஊரில் இருந்த மரியாதையில் முக்கால்வாசி அந்தப் பாட்டு வாங்கிக் கொடுத்ததுதான்.

"சாப்பிடாம என்ன பண்றான்?" என்று கேட்டார் குரு.

"பாடறானுங்க."

"என்ன பாட்டு?"

புலவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் எழுதினதுதானுங்க. செங்கோடன் பாட்டு."

"எங்கே, பாடுங்க. கேப்போம்."

புலவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

வாடாத மாலையுடன் வழிநடந்தாய் செங்கோடா
ஆடாத கால்களுடன் ஆர்ப்பொலியில் போய்மறைந்தாய்
தேடாமல் ஊர்மறக்கும் தீவிதியை நீயறியாய்
கூடாத முதுமையினைக் கூடாமற் போனவனே

பாடி முடித்தபோது முகத்தில் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. பழக்கதோஷம்.

"நல்ல பாட்டு," என்றார் குரு. "பிழை ஏதாச்சும் உண்டா?"

"ஒரு சீரை அசைக்க முடியாதுங்க."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

புலவருக்குச் சுருக்கென்றது.

"அவன் எம் பையனுங்க, சாமி. நீங்க ஏதாச்சும் புத்தி சொல்லணும்."

"நான் சொன்னாக் கேக்கமாட்டான். உங்க பாட்டைத்தான் கேப்பான். தோத்தவனுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க."

"தோத்தவனைப் பத்தி என்னத்தைங்க எழுதறது? வீட்டுக்குப் போவான், சோறு திம்பான், தூங்குவான். அதுல பாட்டுக்கு என்ன இருக்குது?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

குரு கோபப்படவில்லை. குடிசைக்குள் போனார். சட்டியில் இருந்த பழைய சோற்றை எடுத்துவந்து, புலவருக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாப்பிட ஆரம்பித்தார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். நீராகாரத்தைக் குடித்தார். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்.

புலவர் காத்திருந்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பாவாயி வீட்டுக்குப் போங்க," என்றார் குரு. "இந்தப் பாட்டை முழுசாப் பாடிக் காட்டிட்டு, வீட்டுக்குப் போங்க."

பாவாயி, செங்கோடனைப் பெற்றவள்.

"அது எதுக்குங்க? வருசா வருசம் அவங்களைக் கூப்பிட்டு, சேலை குடுத்து, முன்னால உக்கார வெச்சுத்தானே பாடறோம்."

"உக்காந்தது சரி, அந்தம்மா கேட்டிருக்குதா?"

புலவர் யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. பாடும்போது அவர் கண்தான் மூடியிருக்குமே.



பாவாயி வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தங்கரைச் சாமி, உங்க பையன் பாட்டை உங்களுக்குப் பாடிக் காட்டச் சொன்னாருங்க," என்றார் புலவர்.

அவள் கை நின்றது. "பாடுங்க."

அவர் பாடினார். இரண்டாவது அடியிலேயே அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆர்ப்பொலின்னா என்னங்க?"

"ஊரே கூடி ஆரவாரம் பண்ணுமே, அந்தச் சத்தம்ங்க."

"அந்தச் சத்தத்துல போனான்னா சொல்றீங்க?"

"ஆமாங்க."

"வாந்திபேதியில போனானுங்க. ஒரு சத்தமும் இல்ல. தொத்திக்கும்னு பயந்துட்டு ஒருத்தரும் வாசலுக்கே வரல. தண்ணி, தண்ணின்னான். குடுக்கக் கூடாதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. நானும் குடுக்கல."

புளியைப் பார்த்தபடியேதான் சொன்னாள்.

"மேல பாடுங்க."

புலவர் மூன்றாவது அடியை எடுத்தார், பாதியிலேயே விட்டுவிட்டார்.

"மேல என்ன சொல்லியிருக்கறீங்க? அதையாச்சும் சொல்லுங்க."

"வயசாகி, ஊரு மறந்து, அதையெல்லாம் பாக்காம போயிட்டான்னு…"

"போனது நல்லதுன்னா?"

புலவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செத்தப்புறம் ஊருல எல்லாரும் அழுதாங்க. எம் பையன் போனது நல்லதுன்னு சொன்னது நீங்க ஒருத்தருதானுங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் புலவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அவனும் ஒருக்காத் தோத்தானுங்க, தெரியுமா? பட்டம் வாங்கறதுக்கு முந்தி, வெளியூர்ல. பொழுது சாய வந்தான். வாயே தொறக்கல. கம்பஞ்சோறு போட்டேன். இன்னும் போடு, இன்னும் போடுன்னு சட்டியைக் காலி பண்ணிட்டு, அப்படியே எம் மடியில தூங்கிப்போனான். அத்தனை பெரிய ஒடம்பு. எனக்குக் காலு மரத்துப்போச்சு. எந்திரிச்சுக்குவானோன்னு நான் அசையவே இல்ல."

முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அது பாட்டுல இருக்குதுங்களா?"

"இல்லைங்க."

"சரி," என்று சொல்லிவிட்டு அடுத்த புளியைக் கையில் எடுத்தாள்.



புலவர் வீட்டுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

நல்லப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா மூடிவைத்துவிட்டுப் போன சோற்று வட்டில் அப்படியே இருந்தது. இப்போது அவன் பாடவில்லை. விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தான்.

கோதாவுக்குப் போகும் முன்னால் அவன் அப்பாவிடம் யாப்பு படித்தவன். பாட்டில் ஓசை இடறினால், தளை தட்டுகிறது என்று சின்ன வயதிலேயே முகத்தைச் சுளிப்பான். அந்த விஷயத்தில் அப்பா அவனைவிட மோசம். தளை தட்டிய ஒரு வெண்பாவுக்காக, சொந்தத் தம்பி எழுதிய கல்யாண வாழ்த்தைப் பந்தலிலேயே கிழித்துப் போட்டவர். அண்ணன் தம்பிக்குள் இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது.

"அப்பா."

"சொல்லு கண்ணு."

"செங்கோடாங்கற எடத்துல நல்லப்பான்னு போட்டா, தளை தட்டுங்களா?"

செத்தவனுக்குக் கட்டிய பாட்டு அது.

வேண்டாம் வேண்டாம் என்றாலும் புலவரின் மனசு தானாக அசை பிரித்தது. செங், கோ, டா. நல், லப், பா. ஓர் இம்மி கூடவில்லை, ஓர் இம்மி குறையவில்லை. அவனுக்காகவே அந்த இடத்தைக் காலியாக விட்டுவைத்தது போல அந்தப் பெயர் போய் உட்கார்ந்துகொண்டது.

மகன் விரலை மடக்கியபடி அவர் முகத்தையே பார்த்தான். அவனும் அதை எண்ணி முடித்திருந்தான்.

புலவர் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வட்டிலைத் திறந்தார். சோற்றைப் பிசைந்தார். ஆறிப்போயிருந்தது. ஒரு கவளம் எடுத்து அவன் வாய்க்கு நேரே நீட்டினார்.

"தட்டும்," என்றார். "வாயத் தொற."