பேச்சித்தாய் அனுப்பிய பஸ்

ஊர்க்காவல் படைப் பேச்சித்தாய் நாற்சந்தியில் தனியாளாக நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறவள். ஒருநாள் நெரிசலில் சிக்கிய தலைமைப் பொறியாளர் கார்க் கண்ணாடியை இறக்கினார்.

“ரோட்டை அகலப்படுத்துற கூட்டத்துக்குப் போகணும். பத்து நிமிஷத்துல வழி விடலைன்னா உனக்கு வேலை இருக்காது.”

அவள் ஒவ்வொரு காராக விசாரித்தாள். முப்பது கார்களில் முப்பது அதிகாரிகள். எல்லோரும் அதே கூட்டத்துக்குத்தான். டிரைவர்களிடம் கார்களைத் திருப்பச் சொல்லிவிட்டு, அதிகாரிகளை முன்னால் நின்ற காலி டவுன் பஸ்ஸில் ஏற்றினாள். சாலை காலியானது.

“இப்ப ரோடு அகலம் போதுமாய்யா?” என்று கேட்டாள். பொறியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் பேச்சும் சிரிப்புமாகக் கிளம்பியது.

கூட்டத்தில் அகலப்படுத்தும் திட்டத்தைக் கைவிட்டு, இருபது பஸ்கள் வாங்க முடிவு செய்தார்கள். அதை அவளிடம் சொல்ல யாரும் வரவில்லை. புதுப் பஸ்கள் அவளைக் கடந்து போனபோது அவளாகவே தெரிந்துகொண்டாள்.