சுழி கரையேறிய நாள்

எண்களெல்லாம் கடலுக்குள் குடியிருந்த காலம் ஒன்று இருந்தது. கடற்புல் அசையும் இடத்தில் அவையும் அசைந்துகொண்டிருக்கும். கரையிலிருந்து யாராவது கூப்பிட்டால் ஏறிப் போகும். இல்லையென்றால் வெயில் இறங்கிய நீரில் கண்மூடிக் கிடக்கும்.

அந்தக் கரைக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் வருவார்கள். பேராசிரியர் கோதைநாயகி அவர்களை வகுப்பறையில் உட்கார வைக்காமல், கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் தண்ணீரில் இறக்கிவிடுவார். ஊர்க்காரர்களும் கூடவே இறங்குவார்கள். ஆளுக்கு ஓர் இடம். அங்கே எத்தனை கடல்குதிரைகள் என்று பார்த்து, அந்த எண்ணைக் கூப்பிட்டு, கரையில் விரித்திருக்கும் வரைபடத்தில் உட்கார வைக்க வேண்டும். இழுவலைகளை எந்தப் பக்கம் விடுவது என்று ஊர்க்கூட்டம் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

ஏழும் ஒன்பதும் மார்பை நிமிர்த்திக்கொண்டு போகும். இரண்டுகூடச் சிரித்தபடி போகும். பூஜ்யம் என்கிற சுழியை மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை. ஒன்றும் தென்படாத இடத்தை எல்லோரும் சும்மா விட்டுவிட்டார்கள்.

“என்னை எதற்கு வைத்திருக்கிறாய்?” என்று சுழி கடலிடம் கேட்டது.

“கூப்பிடும்போது தெரியும்” என்றது கடல்.

ஒரு காலையில் ஹசீனா என்ற மாணவி முதன்முறையாக நீரில் இறங்கினாள். பாறைத்திட்டுக்கு வடக்கே அவளுடைய இடம். புல் அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் இருந்தது. குனிந்து ஒவ்வொரு புல்தாளாக விலக்கிப் பார்த்தாள். குதிரை இல்லை. தூரத்தில் அவள் வகுப்புப் பையன் பிரதாப், “நாலு!” என்று கத்தினான்.

ஹசீனா இன்னும் தாழக் குனிந்தாள். “ஒண்ணே, நீயாவது வா” என்று மெல்லக் கூப்பிட்டாள்.

ஒன்று எழுந்து வந்து சுற்றிலும் பார்த்தது. “எனக்கான குதிரை எங்கே?”

“இல்லை.”

“குதிரை இல்லாமல் நான் போய் நின்றால் எனக்குக் குளிருமே.”

“எல்லாரும் ஏதோ கொண்டுபோறாங்க. நான் வெறுங்கையோட போனா சரியாப் பாக்கலன்னு சிரிப்பாங்க.”

அப்போது அவள் முழங்காலைச் சுற்றி நீர் மெதுவாகச் சுழன்றது.

“நான் வரட்டுமா? நான் சுழி. நீ பார்த்தது என்னைத்தான்.”

“உன்னைக் கொண்டுபோனா, நான் இங்க வரவே இல்லைன்னு நெனைப்பாங்க.”

“நீ வராமல் இருந்திருந்தால் வரைபடத்தில் இந்த இடம் வெறுமையாகக் கிடந்திருக்கும். தேடிப் பார்த்தவர்கள் கூப்பிட்டால்தான் என்னால் எழுந்திருக்க முடியும்.”

ஹசீனா இன்னொரு தடவை அந்த இடம் முழுவதையும் பார்த்தாள். நீர் இடுப்புக்கு ஏறிவிட்டது. பிறகு இரண்டு கையாலும் சுழியை அள்ளினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

கரையில் பிரதாப் சிரித்தான். “குதிரை கேட்டா காத்தை அள்ளிட்டு வந்திருக்கா!”

கோதைநாயகி சிரிக்கவில்லை. “முழுசாப் பார்த்தியாம்மா?”

“ரெண்டு தடவை பார்த்தேன் மேடம். இல்லை.”

“அப்போ வை.”

சுழி வரைபடத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்தது. அடுத்த இடத்தைப் பார்க்கிறவள் பாசி எடுக்கும் ரோசம்மா. அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “எம் பக்கமும் பொங்கலுக்கு முந்தியிருந்தே ஒண்ணையும் காணலை புள்ள. இல்லாததை என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.” சொல்லிவிட்டு அவளும் நீரில் இறங்கி ஒரு சுழியைக் கூட்டிவந்தாள்.

அந்நேரம் பிரதாப்பின் நாலு, வரைபடத்தை விட்டு நழுவி, யாரையும் பார்க்காமல் கடலை நோக்கி நடந்தது. பிரதாப் தலையைக் குனிந்துகொண்டு அதன் பின்னாலேயே போனான். திரும்பி வந்தபோது அவன் கையிலும் சுழி.

பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். நனைந்த சுழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிவந்து உட்கார்ந்தன. பாறைத்திட்டில் தொடங்கி ஆற்றுமுகம் வரைக்கும் நீண்ட ஒரு கோடு தெரிந்தது. ஊர்க்கூட்டம் படத்தைச் சுற்றி நெருங்கியது.

படகுக்காரர் சவேரியார் முன்னால் வந்து பார்த்தார். “இது என் வலை புல்லை அரிச்சுக்கிட்டுப் போற வழி.”

ரோசம்மா தலையை ஆட்டினாள்.

“இதை விட்டா சுத்திப் போகணும். டீசல் கூடும்” என்றார். படத்தில் சுற்றுவழியை விரலால் ஓட்டிப் பார்த்தார். “சரி, சுத்தியே போறேன். மத்தவங்ககிட்டயும் பேசுறேன்.”

படகுகள் சுற்றிப் போயின. ஆனால் புல் போன இடத்தில் மணல் மணலாகவே கிடந்தது. ஹசீனா ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தேடி, அதே சுழியை அள்ளிவந்தாள். டீசல்தான் வீண் என்று ஊரில் முணுமுணுப்பு எழுந்தது.

“என்னால் உனக்குத்தான் பொல்லாப்பு” என்றது சுழி.

“இருக்கட்டும். வா, போகலாம்” என்றாள் அவள்.

மழை வந்தது, போனது. மணலில் ஊசி ஊசியாகப் புல் தலைகாட்டியது. பிறகு, பனிபோல் வெளிச்சம் பரவிய ஒரு காலையில், புதிய தாள் ஒன்றில் வாலைச் சுற்றிக்கொண்டு, விரல் நுனி அளவில் ஒரு கடல்குதிரை ஆடிக்கொண்டிருந்தது.

ஹசீனா அதன் பக்கத்தில் மெல்லக் குனிந்தாள். கூப்பிடாமலே ஒன்று என்ற எண் எழுந்து வந்து, தயங்கி நின்றது.

முதல் தடவை தேடிவிட்டு அவள் கையில் அள்ளியிருந்த சுழி மெல்ல நழுவி நீரில் இறங்கியது. இவ்வளவு சந்தோஷமாக அதுவரை எந்த எண்ணும் தன் இடத்தை விட்டுக்கொடுத்ததில்லை.