மாராயியின் கையைப் பிடித்தவள்

அரசர் கதையை அரண்மனைக்காரர்கள் சொல்லிக்கொள்ளட்டும், மக்களே. இது உழைத்தவள் கதை.

நெடுங்காலத்துக்கு முன்னால் காவிரிக் கரையில் மாராயி என்றொரு கைம்பெண் இருந்தாள். தரிசைத் தன் கையால் வெட்டித் திருத்தி, ஒரு வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தாள்.

அந்நாளில் பத்திரம் கிடையாது. வாங்குகிறவர் கையில் நீர் வார்த்துவிட்டால் நிலம் கைமாறிவிடும். மாராயியின் தகப்பனுக்கு முதுமையில் நினைவு தப்பியது. ஊர்ப் பண்ணையார் நாள்தோறும் வந்து “அப்பா” என்று அழைத்தார். மகனென்று நம்பிய கிழவர் வயலையெல்லாம் நீர் வார்த்துக் கொடுத்துவிட்டுப் பட்டினியில் செத்தார். பண்ணையாருக்கோ ஊரில் புண்ணியவான் என்று பெயர்.

தலை நரைத்ததும் மாராயிக்கு அந்தப் பயம் பிடித்தது. மகன்கள் சடையனையும் பொன்னனையும், செத்துப்போன கடைசி மகனின் மனைவி செங்காயியையும் தனித்தனியே அழைத்தாள்.

“அப்பனுக்கு வந்தது எனக்கும் வரலாம். எவனுக்காவது கொடிக்காலைக் கொடுக்கத் துடிப்பேன். அப்போது நீ என்ன செய்வாய்?”

“உன் சொல்லை மீறுவேனா ஆத்தா? கொடுக்கச் சொன்னால் கொடுப்பேன்” என்றான் சடையன்.

“உன்னை அறையில் போட்டுப் பூட்டிவிடுவேன்” என்றான் பொன்னன்.

“சண்டை போடுவேன் அத்தை” என்றாள் செங்காயி. “கையைப் பிடித்துக்கொள்வேன். நீங்கள் அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.”

“அடித்தால்?”

“பலமாக அடித்தால் திட்டுவேன்.”

மாராயி வயிறு குலுங்கச் சிரித்தாள். மறுநாளே ஊர்ச்சபையில் எழுந்து நின்றாள்.

“இன்று முதல் செங்காயியின் கையும் சேர்ந்து வார்த்தால்தான் என் நீர் செல்லும். நான் இருக்கும்வரை கொடிக்கால் எனக்குச் சோறு போடட்டும். பிறகு மூவருக்கும் சமபங்கு.”

பண்ணையார் மகன் இளித்தான். “புத்தி நன்றாக இருக்கும்போதே பைத்தியக்காரப் பேச்சா?”

“நன்றாக இருக்கும்போதுதானே பேச முடியும் சாமி? அப்புறம் எனக்காக நீங்களல்லவா பேசுவீர்கள்!”

சபை சிரித்தது, ஒப்புக்கொண்டது.

ஆண்டுகள் ஓடின. மாராயிக்கு முதலில் பெயர்கள் மறந்தன, பிறகு வழிகள் மறந்தன, பிறகு முகங்கள் மறந்தன.

ஒருநாள் யாரோ ஒருவன் செம்போடு வந்து “ஆத்தா” என்றான். செத்துப்போன மகனே வந்துவிட்டதாக அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. நீர் வார்க்கக் கை நீட்டினாள். யாரோ ஒருத்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடடி திருடி! என் பிள்ளைக்குக் கொடுக்கவிடாமல் தடுக்க நீ யார்?”

அறைந்தாள், அழுதாள், காறி உமிழ்ந்தாள். அந்தப் பெண் கையை விடவில்லை. ஊரார் கூடிவிட, வந்தவன் வெறும் செம்போடு நழுவினான்.

பொழுது சாயும்வரை மாராயி தேம்பினாள். அந்தப் பெண் பக்கத்திலேயே இருந்தாள். பிறகு சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினாள். அவள் கன்னம் சிவந்திருந்ததைப் பார்த்து மாராயிக்கு இரக்கம் வந்தது.

“யாரம்மா உன்னை அடித்தது?” என்று தடவிக்கொடுத்தாள். “உன்னைப் பெற்றவள் கொடுத்துவைத்தவள்.”

அறிவு தெளிவாக இருக்கும்போதே, நம் சொல்லுக்குத் தலையாட்டுகிறவரை விட்டு, நம் நன்மைக்காக நம்மையே எதிர்த்து நிற்பவரிடம் நம் முதுமையை ஒப்படைக்க வேண்டும்.